சனிக்கிழமை மட்டும் வரும் சத்தம்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது எழுதிக் கொடுத்த விடுப்புக் கடிதங்களை விட்டால் உனக்காக நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் பதிவேட்டில் எழுதி எழுதி, பழுது, காரணம், செய்த வேலை என்று மூன்று கட்டத்துக்குள்தான் எனக்கு எழுத வருகிறது, பொறுத்துக்கொள். சுற்றி வளைக்கும் முன் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் உன்மேல் கோபமாக இல்லை. மூன்று வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கோபமாக இருந்ததில்லை. நான் கோபமாக இருப்பதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பதே போன ஞாயிறு மாலைதான் எனக்குத் தெரியும். அது எப்படித் தெரிந்தது என்று சொல்ல, நூலகக் கட்டடத்து லிஃப்ட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும், டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி.

அதற்கு முன் வீட்டுச் சேதி. அம்மா இன்னும் அதே கண்ணாடிக் கடைக்குத்தான் போகிறாள், வருகிறவர்களைச் சுவர் அட்டையில் எழுத்து வாசிக்க வைத்துவிட்டு, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் ஆண்களைப் பற்றி வீட்டுக்கு வந்து சிரிக்கிறாள். மேல்மாடி வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்குப் பெயிண்ட் அடித்தார், வாசனை எங்கள் தலையில். உன் அறையில் துணி மடிக்கும் மேஜையைப் போட்டிருக்கிறோம், மற்றபடி எதையும் நகர்த்தவில்லை. என்னோடு வேலை செய்யும் ஆமைக்கு இரண்டாவது பெண் பிறந்திருக்கிறாள். அவன் எதையும் நிதானமாகச் செய்வதால் அந்தப் பெயர் வைத்ததே நான்தான் என்பது உனக்குத் தெரியும். இப்போது குழந்தை அழுதால் மட்டும் ஓடுகிறானாம், அவன் மனைவி ஆச்சரியப்படுகிறாள்.

சரி, லிஃப்ட். கீழே நூலகம், மேலே ஆறாவது மாடியில் ஒரு பெரிய கூடம், அதற்கு மேல் மொட்டை மாடியில் மோட்டார் அறை, அப்படி ஒரு பழைய கட்டடம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டதால் ஒன்றரை மாதத்துக்கு முன் என் தலையில் கட்டினார்கள், சனிக்கிழமை பிற்பகல் என் முறை. நான் மோட்டாரைச் சோதிக்கும் விதம் உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் நீயே அதைச் செய்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பாய். நீளத் திருப்புளியின் முனையை பேரிங் மூடியில் ஊன்றுவது, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்துவது, கண்ணை மூடிக்கொள்வது. உள்ளே ஒரு குண்டு தேய்ந்திருந்தாலும் எலும்பு சொல்லிவிடும். கம்பெனியில் இப்போது இதற்கு மீட்டர் கொடுத்திருக்கிறார்கள், அது என் பெட்டியில் உறை பிரிக்காமல் இருக்கிறது. மீட்டர் சொல்வதற்கு ஒரு வாரம் முன்னாலேயே நான் சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இந்தத் தலைக்கனம்தான் என்னைக் கவிழ்த்தது.

முதல் சனிக்கிழமை நாலு மணி சுமாருக்குத் திருப்புளியை ஊன்றினால் உள்ளே ஒரு தட்டல். டும் டும் டும் டும் என்று சீராக நாலு, அதன் நடுவில் நொண்டி மாதிரி சிக்கு சிக்கு என்று ஒன்று, கொஞ்சம் தாமதித்து விழுகிறது. இப்படி ஒரு தட்டலை நான் என் சர்வீஸில் கேட்டதே இல்லை. பழுது என்ற கட்டத்தில் நொண்டித் தட்டு என்று எழுதிவிட்டு, திங்கட்கிழமை ஆமையைக் கூட்டிக்கொண்டு போனேன், மோட்டார் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஆமை என்னை ஒரு பார்வை பார்த்தான். அடுத்த சனி மறுபடி அதே தட்டல். விடுவேனா, லிஃப்ட்டை நிறுத்திப் பலகை மாட்டிவிட்டு பேரிங்கைக் கழற்றினேன். கழற்றியதில் ஒரு கீறல்கூட இல்லை, இருந்தும் ஒரு வாரம் லிஃப்ட்டை நிறுத்தி வைத்துப் புதுசு வரவழைத்துப் போட்டேன். மூன்றாவது சனிக்கிழமை புது பேரிங்கிலும் அதே டும் டும், அதே நொண்டி. எனக்கு வந்த எரிச்சலில் மெயினை அணைத்தேன். மோட்டார் நின்றது, சக்கரம் நின்றது, வடம் நின்றது. திருப்புளியை ஊன்றிக் கேட்கிறேன், தட்டல் மட்டும் நிற்கவில்லை.

நின்ற மோட்டாரில் பேரிங் எப்படியம்மா தட்டும்? திருப்புளியை எடுத்துச் சுவரில் வைத்தேன், தட்டுகிறது. தரையில் மண்டியிட்டு வைத்தேன், இன்னும் பலமாகத் தட்டுகிறது. தூண், கதவுச் சட்டம், தண்ணீர்க் குழாய், எங்கே வைத்தாலும் அதே நடை. கட்டடமே ஆட்டம் கண்டுவிட்டது, இடிந்து விழப்போகிறது என்று நினைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கட்டடத்துக் காவலாளி, ஒரு வாரமாக லிஃப்ட் இல்லையே என்று என்னிடம் சண்டை போட மேலே ஏறி வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் உடனே கீழ இறக்குங்க, கட்டடத்துல ஏதோ அடி விழுது என்று சொன்னேன். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினார். சார், அது கீழ கூடத்துல பேண்டு வாசிக்கிறாங்க, மூணு தெருவுக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்கலையா? என்று.

எனக்குக் கேட்கவில்லை. அந்த இடத்தில் நின்று உற்றுக் கேட்டேன், என் காலுக்கு அடியில் பதினேழு பேர் ஊதிக்கொண்டும் அடித்துக்கொண்டும் இருக்கிறார்கள், என் காதில் ஒன்றுமே இல்லை. திருப்புளியை எலும்பில் வைத்தால் இருக்கிறது, எடுத்தால் இல்லை. வைக்கிறேன், எடுக்கிறேன், வைக்கிறேன், எடுக்கிறேன். காவலாளிக்கு என்ன தோன்றியதோ, சண்டை போட வந்தவர் என் தோளில் கையைப் போட்டு, வாங்க சார், வந்து பாருங்க என்று இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில்தான் என் காதருகே கத்திச் சொன்னார், நான் லிஃப்ட்டை நிறுத்தியதால் ஓர் ஆள் உயரப் பிடில் ஒன்றை இரண்டு பேர் ஆறு மாடிக்கும் படியில் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். யார் சத்தத்தைப் பழுது என்று எழுதினேனோ அவர்களையே படியேற விட்டிருக்கிறேன்.

கூடத்துக்கு இரண்டு கதவு, நடுவில் கனத்த திரை. இரண்டாவது கதவைக் காவலாளி திறந்தார். சிட்டு, அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டது. எனக்குக் கேட்டது. வருடக் கணக்காக எல்லாச் சத்தமும் துணியில் சுற்றி வருகிற மாதிரிதான் எனக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது, அதுவும் எனக்கே தெரியவில்லை, திடீரென்று யாரோ துணியை உருவிவிட்டார்கள். முன்வரிசையில் ஐந்து சாக்ஸபோன், பின்னால் நாலு டிராம்போன், அதற்கும் பின்னால் எழுந்து நின்று நாலு டிரம்பெட், ஓரத்தில் பியானோவும் கிட்டாரும் டிரம்ஸும் அந்த ஆள் உயரப் பிடிலும். அதற்கு டபுள் பேஸ் என்று பெயராம். எல்லோரும் என்னைப் போல வேலைவெட்டி உள்ள சாதாரண மனிதர்கள், ஒருவர் இன்னும் பேருந்து நடத்துநர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. டிரம்பெட்காரர்கள் ஏதோ கேட்கிற மாதிரி ஒரு வரி ஊதுகிறார்கள், சாக்ஸபோன்காரர்கள் ஆமாம் அதற்கென்ன இப்போது என்கிற மாதிரி பதில் ஊதுகிறார்கள், உடனே டிராம்போன்கள் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் கிண்டல் பண்ணுகின்றன. அடியில் என் நொண்டித் தட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. பேரிங்கில் பழுதாக இருந்தது இங்கே துள்ளலாக இருந்தது. என் கால் தானாகத் தரையைத் தட்டுகிறது, நான் நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. வீட்டில் நீ பாட்டுப் போட்டால் நாள் முழுக்க மோட்டார் இரைச்சல் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ப்ளக்கைப் பிடுங்கி எறிந்த மனிதன், கையில் திருப்புளியோடு கூடத்து வாசலில் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழுவை நடத்துவது ஒரு பல் டாக்டரம்மா, என் வயது இருக்கும், கையில் குச்சிகூட இல்லை, விரலைச் சொடுக்கியே பதினேழு பேரையும் ஓட்டுகிறார். வாசிப்பு நடக்கும்போதே என்னிடம் வந்து, லிஃப்ட்டுக்காரர் நீங்கதானா, பாவம் எங்க பேஸ்காரருக்கு முதுகே போச்சு என்று கத்தினார், ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கணீரென்று கேட்டது. நானும் நடந்ததை எல்லாம் கத்திச் சொன்னேன். நொண்டித் தட்டு என்று பதிவேட்டில் எழுதியதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார், இதுக்குப் பேரு ஸ்விங் சார், அந்த நொண்டி இல்லன்னா இது வெறும் அணிவகுப்பு என்றார். பிறகு கையை உயர்த்தினார், குழு நின்றது. அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன், சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அந்தம்மா சிரிக்கவில்லை. என் முதுகுப் பக்கமாக வந்து நின்று ஏதோ சொல்லியிருக்கிறார், நான் திரும்பவே இல்லையாம். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், திங்கட்கிழமை என் மருத்துவமனைக்கு வாங்க, பக்கத்து அறையில் காது டாக்டர் இருக்கிறார் என்று.

காது டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான். முள்கரண்டி மாதிரி ஓர் இரும்புக் கவையைத் தட்டிக் காதுக்கு முன்னால் பிடித்தாள், ஒன்றும் இல்லை. அதையே காதுக்குப் பின் எலும்பில் வைத்தாள், கோவில் மணி மாதிரி கேட்டது. காதுக்குள்ளே நெல் அளவுகூட இல்லாத ஓர் எலும்பு இருக்கிறதாம், அது துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிப்போயிருக்கிறது, அதற்கு உள்ளே இருப்பதெல்லாம் நன்றாக இருக்கிறது, அதனால்தான் எலும்பு வழியாக வருவதும் பெரிய சத்தமும் தெளிவாகக் கேட்கிறது, மற்றவை கேட்பதில்லை என்று படம் போட்டுக் காட்டினாள். எத்தனை வருஷமா அங்கிள் இப்படி, வேலை செய்யற இடத்துல யாருமே கவனிக்கலையா என்று கேட்டாள். யார் கவனிப்பார்கள்? மோட்டார் அறையில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். பழுது பார்ப்பதைத் திருப்புளியை எலும்பில் வைத்துப் பார்க்கிறேன், அதில் இன்றுவரை ஒரு தப்பு இல்லை. மீட்டரை வைத்து வேலை செய்திருந்தால்கூட எப்போதாவது காதால் கேட்க வேண்டி வந்து, மாட்டிக்கொண்டிருப்பேன். உன் அம்மாவிடம் சொன்னபோது, கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொல்றது எதுவும் உங்களுக்குக் கேட்டதில்ல, எனக்கு எப்படி வித்தியாசம் தெரியும் என்றாள். ஊரார் கண்ணைச் சோதிக்கிறவள் வீட்டுக்காரன் காதைச் சோதிக்காமல் விட்டாளே என்று நானும் திருப்பிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் உன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

ஏன் என்றால் எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் உன் நினைவு வந்துவிட்டது. நீ அந்த ஊர்த் தண்ணீர்ச் சோதனைக்கூடத்து வேலையை ஒப்புக்கொண்டுவிட்டு வந்து என்னிடம் சொன்ன அன்று, முடிவு பண்ணிட்டு வந்து கேக்கறதுக்குப் பேரு கேக்கறது இல்ல என்று நான் சொன்னேன். சொன்னது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாளில் எனக்கு ஆறிவிட்டது, ஆனால் ஆறிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. நீ கிளம்பிய காலையில் அம்மா முன்னாலேயே கீழே போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். நீ பெட்டியோடு நம் அடுக்குமாடி லிஃப்ட்டுக்குள் நின்றாய், நான் வெளியே நின்றேன். கதவு மூடும்போது உன் உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வேண்டுமென்றே எனக்குக் கேட்காத குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம், பொத்தானை அமுக்கினால் கதவு திறந்துவிடும், அந்த லிஃப்ட்டுக்குப் பொத்தான் மாற்றியதே நான்தான். கையை நீட்டாமல் நம்பர் ஆறு, ஐந்து, நாலு என்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நீ ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம் என்னிடம் மட்டும் முணுமுணுக்கிற மாதிரி இருந்தது. அம்மா போனில் வாய்விட்டுச் சிரிக்கிறாள், என்னிடம் போன் வந்தால் தூரத்தில் யாரோ காகிதம் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம். சரி, மகளுக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை, கடமைக்குப் பேசுகிறாள், அவளை எதற்குக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று, நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, இந்தா அம்மாகிட்ட குடுக்கறேன் என்று மூன்றே சொல்லில் முடித்துக்கொள்வேன். நீ என்ன பதில் சொன்னாய் என்று ஒரு தடவைகூட எனக்குத் தெரியாது. மூன்று வருடம். இதை டாக்டரிடமிருந்து வந்த அன்றே அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள், நான்தான் சத்தியம் வாங்கினேன், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று. காது கேட்காத கிழவன் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று ஒரு வெட்கம். மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.

அந்த மூன்று வாரமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்விங் கேட்டேன். பல் டாக்டரம்மா பிக் பேண்ட் எனப்படும் அந்தக் காலத்துப் பெரிய குழுக்களின் வாசிப்புகளையெல்லாம் என் போனில் ஏற்றிக் கொடுத்தார். டபுள் பேஸ் வாசிப்பவர் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர், முதுகு வலிக்குக் காரணமானவன் என்ற கோபம்கூட இல்லாமல், தன் பழைய மர ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். போனிலிருந்து அதற்கு ஒரு ஒயர், பெட்டியின் மேல் திருப்புளி, பிடி காதுக்குப் பின்னால். முதல் நாள் அம்மா பார்த்துவிட்டு, பெட்டிக்குக் காய்ச்சல் பாக்கறீங்களா என்றாள். கிண்டல் பண்ணட்டும். எனக்கு அதில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்கிறது. லிஃப்ட் என்றால் தரைக்குத் தரை மட்டமாக, நொடிக்கு நொடி சரியாக வந்து நிற்க வேண்டும், கொஞ்சம் பிந்தினாலும் பழுது, அப்படியே வாழ்ந்துவிட்டவன் நான். இவர்களோ வேண்டுமென்றே பிந்துகிறார்கள், அதுவும் எல்லோரும் சேர்ந்து ஒரே அளவு பிந்துகிறார்கள், அந்தப் பிந்தலில்தான் சந்தோஷமே இருக்கிறது. தபால்காரரிடம் இதைச் சொன்னேன். நான் நாலு தட்டையும் நேரா நடந்துக்கிட்டே இருப்பேன் சார், அந்தத் தைரியத்துலதான் மத்தவங்க ஊஞ்சல் ஆடறாங்க என்றார். அதை யோசித்துக்கொண்டே இரண்டு நாள் வேலை பார்த்தேன். இந்த வீட்டில் நேராக நடந்தவள் உன் அம்மாதான். நான் பிந்திவிட்டேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அம்மாவின் போனில் சார்ஜ் இல்லை, நீ என் நம்பருக்கு அழைத்தாய். நான் அப்போது பெட்டியின் முன் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன், வேகமான ஒரு வாசிப்பு, டிரம்பெட்டுகள் கேள்வியைக் கேட்டுவிட்டன, பதில் வரப்போகிறது, நடுவில் பட்டென்று நின்றுவிட்டது. அம்மா ஒயரைப் பிடுங்காமல் அப்படியே போனை எடுத்துப் பேச ஆரம்பித்திருக்கிறாள். நான் வாசிப்பு தொடரும் என்று திருப்புளியை எடுக்காமல் காத்திருந்தேன். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் இருமினாள். பிறகு, இல்லம்மா, ரூம்ல ஜன்னல் சரியா மூடல, அதான் இருமல் என்றாள். எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. நம்பு, என் மகளின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை, கொஞ்சம் கனத்திருக்கிறது, பெரிய பெண்ணின் குரலாகிவிட்டது. நீ சோதனைக்கூடத்துப் புது அதிகாரியைப் பற்றிச் சொன்னாய், செருப்பு அறுந்ததைச் சொன்னாய், அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முணுமுணுப்பு ஒன்றும் இல்லை, நீ எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசுகிறாய். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டாய், அப்பா இன்னும் என்மேல கோவமாத்தான் இருக்காராம்மா என்று.

அம்மா என் பக்கம் பார்க்காமலே, போனில் வழக்கமாகப் பேசும் அதே உரத்த குரலில், இல்லடி, அவருக்கு வேலை ஜாஸ்தி என்றாள். யோசிக்காமல் சொன்னாள். எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில் என்று கேட்டதுமே தெரிந்தது. திருப்புளி என் கையிலிருந்து விழுந்து உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது, அதைத் தேடுகிற சாக்கில் தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ போனை வைத்த பிறகு, ஒவ்வொரு வாரமும் இதைக் கேட்பாளா என்று அம்மாவிடம் கேட்டேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு வாரமும், இப்போது மாதத்துக்கு ஒரு தடவை என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னா கோவமெல்லாம் இல்லைன்னுவீங்க, அடுத்த நிமிஷம் போனை என்கிட்ட நீட்டுவீங்க, நான் எதை நம்பறது, அவ எதை நம்புவா என்றாள்.

அன்றே உனக்குப் போன் பண்ணியிருக்கலாம். கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் எனக்கு வார்த்தை வராது, நல்லா இருக்கியா சாப்பிட்டியா என்றுதான் வரும், அது உனக்குப் பழைய அப்பாவாகவே கேட்கும். அதனால்தான் கடிதம். நீ முழுசாகப் படித்து முடித்த பிறகு பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. அடுத்த மாதம் வலது காதில் அறுவைச் சிகிச்சை, இறுகிய எலும்பை எடுத்துவிட்டுக் குண்டூசித் தலை அளவுக்கு ஒன்றை வைப்பார்களாம், பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம், இதற்காக நீ விடுப்புப் போட்டுக்கொண்டு ஓடி வராதே. வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேலாளரிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டேன், அதுவரை ஆமை துணைக்கு வருகிறான், மீட்டரின் உறையையும் பிரித்துவிட்டேன். சனிக்கிழமை மட்டும் வேலை முடிந்ததும் கூடத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். பேஸை லிஃப்ட்டில் ஏற்றி இறக்குவது என் பொறுப்பு என்று எழுதாத ஒப்பந்தம். பதிவேட்டில் அந்தப் பழுதுக்கு எதிரே செய்த வேலை என்ற கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அந்த இருமலைக் கவனி. ஜன்னல் சட்டத்தில் பழைய துணியை நாலாக மடித்துச் செருகினால் காற்று நிற்கும், வீட்டுக்காரர் சரி செய்வார் என்று காத்திருக்காதே. அறுந்த செருப்பை ஒட்டிப் போட்டுக்கொண்டு ஈரத்தில் நடக்காதே, புதுசு வாங்கு. வேலை வேலை என்று இருக்காமல் அந்த ஊரில் எங்காவது இந்த மாதிரி பேண்டு வாசித்தால் ஒரு நாள் போய்க் கேள், முன்வரிசையில் உட்காராதே, காது முக்கியம். நீ எடுத்த வேலை நல்ல வேலை, நீ போனது சரிதான், இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உன் கைபட்டதெல்லாம் நல்லபடி நடக்கட்டும், உடம்புக்கு ஒரு குறையும் வராமல் நீ நிறைவாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம்.

ஒரே ஒரு நினைவூட்டல். இது கையில் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, அம்மா நம்பருக்கு வேண்டாம், என் நம்பருக்குக் கூப்பிடு. ஒயர் மாட்டியிருக்கும், திருப்புளியோடு பெட்டி பக்கத்தில் நான் இருப்பேன். கத்த வேண்டாம், உன் குரலிலேயே பேசு, எனக்குக் கேட்கும். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். அன்றைக்கு லிஃப்ட் கதவு மூடும்போது என்ன சொன்னாயோ, அதை முதலில் சொல். திட்டாக இருந்தாலும் பரவாயில்லை, அதே வார்த்தையில் சொல். மூன்று வருடமாக நீ கேட்டுவிட்டு நிற்கிறாய், பதில் சொல்ல வேண்டியவன் நான்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமே இல்லாத
அப்பா